பதிவேட்டில் ஓன்னோ ஹார்ம்ஸ்

ஹில்லேஃபென்,
கிழக்கு எம்ஸ் மாகாணம்.
1811 செப்டம்பர் 22

அன்புள்ள ஓன்னோ தம்பிக்கு,

உன் அம்மா ஃபோல்கே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பாலத்தடி வீட்டு ஹிஸ்கே எழுதுகிறேன். ‘இங்கே எல்லோரும் நலம்’ என்று தொடங்கப் போனேன். உன்னிடமிருந்து ஒரு வரி வருகிற வரைக்கும் அந்தச் சொல்லை எழுதாதே என்று தடுத்துவிட்டார். ஆகவே இப்படி எழுதுகிறேன்: இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். வேலை நடக்கிறது.

உங்கள் பசு போன மாதம் கன்று போட்டது. கிடாரி. நெற்றியில் வெள்ளை இருக்கிறது என்று உனக்கு எழுதச் சொல்கிறார். நீ சதுப்பில் அடுப்பெரிக்க வெட்டிப் போட்டுவிட்டுப் போன எரிமண் கட்டிகளை என் வீட்டுக்காரர் அடுக்கி, காயவைத்து, எங்கள் படகிலேயே எம்டனுக்குக் கொண்டுபோய் விற்றுக் கொடுத்துவிட்டார். படகை இழுக்கிற கயிறு இந்த முறை போகவர முழுக்க என் தோளில்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் மனம் ஒரு இடத்தில் நிற்பதில்லை.

தேநீர்தான் பெரிய கஷ்டம். கடற்கரை நெடுகச் சுங்கக்காரர்கள் நிற்கிறார்கள். இங்கிலாந்துக் கப்பலில் வந்த தேயிலை ஒரு பிடி வீட்டில் இருந்தாலும் குற்றம். உன் அம்மா ஏதோ வேரை வறுத்து இடித்துக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார். பிரெஞ்சுப் பேரரசருக்கு இதை ஒரே ஒரு கோப்பை கொடுத்தால் போதும், மறுநாளே நம் ஊரை விட்டுப் போய்விடுவார் என்கிறார்.

புதுச் சேதி ஒன்று உண்டு. மேயர் இடுப்பில் மூவர்ணக் கச்சை கட்டிக்கொண்டு, கோயில் வாசலில் நின்று ஒரு ஆணையைப் படித்தார். அவர் படித்த பிரெஞ்சு அவருக்கே புரியவில்லை. சீப்ரண்ட் வாத்தியார்தான் இப்போது மேயருக்குக் கிளார்க்கும் என்பதால், அவர் நம் மொழியில் சொன்னார். இனிமேல் அப்பா பெயரைப் பின்னால் போட்டுக்கொள்வது செல்லாதாம். ஒவ்வொரு வீடும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டுமாம். பிள்ளை, பேரன் எல்லோருக்கும் அதே பெயர்தானாம். உன் அப்பாவும் ஹார்ம், என் மாமனாரும் ஹார்ம். அதனால் நீயும் ஓன்னோ ஹார்ம்ஸ், என் வீட்டுக்காரரும் ஓன்னோ ஹார்ம்ஸ். இரண்டு பேருக்கும் ஒரே வயது. மதகடி ஓன்னோ, பாலத்தடி ஓன்னோ என்று ஊர் பிரித்துக் கூப்பிட்டுச் சமாளித்தது. அது பாரிசுக்குப் போதவில்லை.

முதலில் பிரஷ்ய ராஜா, அப்புறம் ஹாலந்து ராஜா, இப்போது பேரரசர். மூன்று கொடிகளையும் ஒரே கம்பத்தில் பார்த்த ஊர் இது. ஹப்போவின் அப்பா கூட்டத்தில் நின்றபடியே, “நாளைக்கு வேற ராஜா வந்தா வேற பேரு வைக்கணுமா வாத்தியாரே?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை.

ஹப்போ உன் கப்பலில்தானே இருக்கிறான்? அவனுக்கு அவன் அப்பாவின் ஆசியைச் சொல்.

உன் அம்மா பால் கறக்கப் போயிருக்கிறார். அவர் சொல்லாததை இரண்டு வரி எழுதுகிறேன். உன்னைக் கடற்படைக்குக் கொண்டுபோன அன்றைக்கு நான் பாலத்தில்தான் நின்றேன், உனக்குத் தெரியும். குதிரையில் வந்த காவலர்கள் ஓன்னோ ஹார்ம்ஸ் எந்த வீடு என்று கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். என் வீட்டுக்காரர் அன்றைக்கு எம்டனில் இருந்தார். ஏப்ரலில் பக்கத்துக் கால்வாய் ஊரில் ஆள் பிடிக்க வந்தவர்கள்மேல் கல்லெறிந்தவர்களைச் சுட்டுப் போட்டதிலிருந்து, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் யார் இருக்க முடியும்? நீ மதகுக் கதவுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தாய் என்றும், கையைக்கூடக் கழுவ விடவில்லை என்றும் பிறகு சொன்னார்கள்.

குளிருக்கு முன்னால் உனக்குக் காலுறை பின்னி அனுப்பப் பார்க்கிறேன். உன் தலைக்கு மேல் தெய்வம் கூரையாக நிற்கட்டும்.

உன் அம்மாவுக்காக,
ஹிஸ்கே

*

ஹில்லேஃபென்,
கிழக்கு எம்ஸ் மாகாணம்.
1812 ஏப்ரல் 9

அன்புள்ள ஓன்னோ தம்பிக்கு,

ஆன்ட்வெர்ப்பிலிருந்து நீ எழுதச் சொன்ன கடிதம் ஜனவரியில் வந்தது. உன் அம்மா அதை மூன்று நாள் மார்போடு வைத்துக்கொண்டு, மூன்று நாளும் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். உயிரோடு இருக்கிறாய், கப்பலில் பாய் தைக்கிறாய், சூப்பில் புழு இருக்கிறது, ஹப்போ பக்கத்துத் தொங்குபடுக்கையில் குறட்டை விடுகிறான். இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இனி நலம் என்று எழுதலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். ஆகவே, இங்கே நலம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். விதவைத் தாயின் ஒரே மகனைக் கடற்படைக்கு எடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதனால்தான் நான் பயப்படாமல் மதகடியில் வேலை செய்துகொண்டிருந்தேன், அம்மா போய் மனுக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். மனுவை நான்தான் எழுதினேன். நல்ல தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். உன் அம்மா மார்ச் மாதம், கால்வாய் ஓரம் எல்லாம் சேறாகக் கிடந்தபோது, மரச்செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஔரிச் மாகாண அலுவலகம் வரை நடந்தே போனார். நான் கூட வருகிறேன் என்றேன். குழந்தைகளைப் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டுப் போனார்.

அந்த மனு நிற்கவில்லை. காகிதத்தில் ஏதோ ஒத்துவரவில்லை என்றார்களாம். இந்த மாகாணத்தில் எல்லாம் காகிதம்தான், தம்பி. கல்யாணம்கூட முதலில் மேயர் மேசை முன்னால்தான் நடக்க வேண்டும், பாதிரியாருக்கு இரண்டாவது இடம். நிலத்தை அளக்கக் கோலோடு வந்தவர்கள், நாம் காலடியால் அளந்ததெல்லாம் தப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாம் எங்கே நிற்கிறோம் என்பதே எழுதுகிறவர் கையில் இருக்கிறது.

கப்பலில் ஆள் எண்ணும்போது என்னை ‘ஹார்ம் ஃபோக்கன் மகன்’ என்று கூப்பிடுகிறார்கள், என் அப்பா ஹார்ம் வியார்ட்ஸ் அல்லவா, அதை வாத்தியாரிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருந்தாய். எழுத்துப் பிழையாக இருக்கும். அந்நியர்களுக்கு நம் பெயர்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். அதை அங்கே பெரிதாகப் பேசாதே. பேசினால் தண்டனை ஏதாவது கொடுக்கப் போகிறார்கள்.

குடும்பப் பெயர் பதிவு பிப்ரவரியில் முடிந்தது. எங்களுக்குப் பாலத்தை வைத்து ப்ரூக்மன் என்றும், உங்களுக்கு மதகை வைத்து சீல்மன் என்றும் வாத்தியாரே பெயர் போட்டார். உன் அம்மாவுக்கு வேறு யோசனை இருந்தது. இரண்டு ஓன்னோவுக்கும் ஒரே குடும்பப் பெயராகப் போட்டுவிடுங்கள், என் மகன் இல்லாத நேரத்தில் பாலத்தடி ஓன்னோதான் என் மண்ணை வெட்டுகிறான், அண்ணன் தம்பியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று கேட்டார். பிரிக்கத்தானம்மா சட்டமே வந்திருக்கிறது என்றார் வாத்தியார். உன் அம்மா கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

என் வீட்டுக்காரர் உன்னைப் பற்றி அடிக்கடி கேட்கிறார். இப்போதெல்லாம் அவர் அதிகம் பேசுவதில்லை. உங்கள் கூரையில் ஓட்டை விழுந்த இடத்துக்கு நாணல் வைத்துக் கட்டிக்கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் போ என்று உன் அம்மா எவ்வளவு சொல்லியும் அங்கே ஒரு வாய் சாப்பிடாமல் வந்துவிட்டார்.

காலுறை இரண்டு ஜோடி இதோடு வருகிறது. ஒரு ஜோடி உன் அம்மா பின்னியது. முடிச்சு பெரிதாக இருப்பது அது. ஒன்றை ஹப்போவுக்குக் கொடுக்கச் சொன்னார். என்னுடையதைக் கொடுத்துவிடு.

உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கும்படி ஞாயிறுதோறும் வேண்டுகிறோம். எனக்காக நீ வேண்ட வேண்டாம்.

ஹிஸ்கே

*

ஹில்லேஃபென்.
(இப்போது எந்த மாகாணம் என்று எழுதத் தெரியவில்லை.)
1814 ஜூன் 2

ஓன்னோவுக்கு,

உன்னைத் தம்பி என்று எழுத எனக்கு உரிமை இல்லாததால் வெறும் பெயரோடு தொடங்குகிறேன்.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவர் என் வீட்டுக்காரர். முதலில் அவரை உட்காரச் சொல், அல்லது வெளியே போகச் சொல். ஆனால் கடிதத்தைக் கிழித்துவிடாதே. இது உன் அம்மா எழுதச் சொன்ன கடிதம். முடித்த பிறகு, நான் எதையும் விட்டுவிடவில்லை என்று தெரிந்துகொள்வதற்காகப் பாதிரியாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறார். அதற்குக் காரணம் இருக்கிறது. உன் முதல் கடிதத்தை நான் அவருக்கு மூன்று நாள் வாசித்தேன் என்று எழுதினேன் அல்லவா? மூன்று நாளும், அப்பா பெயர் தப்பாக இருக்கிறது என்று நீ எழுதிய வரியை மட்டும் தாண்டித்தான் வாசித்தேன்.

போன மாதம் ஹப்போ திரும்பி வந்தான். ஆன்ட்வெர்ப் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுக்கொடுத்ததும் எல்லோரையும் அவிழ்த்துவிட்டார்கள் என்றான். உன் அம்மா அவன் பின்னால் பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றார். நீ அங்கேயே ஆஸ்பத்திரியில் இருப்பதையும், குளிரில் இடது பாதத்தின் விரல்கள் போய்விட்டதையும், ஆனால் கம்பு ஊன்றி நடப்பதையும் அவன் சொன்னான். பிறகு ஏன் கூட வரவில்லை என்று உன் அம்மா கேட்டார். நீ சொன்னதை அவன் அப்படியே சொன்னான்.

“அங்க ஏற்கனவே ஒரு ஓன்னோ இருக்கான். எங்கம்மாவுக்கு மகனா அவனையே எழுதிக்கிட்டாங்க. நான் யாரா போறது?”

மனு தள்ளப்பட்ட பதில் உன் கப்பலுக்கும் வந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தாயின் மகன் ஊரிலேயே இருக்கிறான், இவன் பொய் சொல்கிறான் என்று எழுதி வந்ததையும், அதற்காக உனக்குக் கசையடி விழுந்ததையும், இரண்டு வருஷமாக உன் அம்மாவே உன்னை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதாக நீ நம்பிக்கொண்டிருப்பதையும் ஹப்போ சொன்னான்.

உன் அம்மா அப்படிச் செய்யவில்லை, ஓன்னோ. செய்தவள் நான். முதலிலிருந்து சொல்கிறேன்.

1811 ஜூனில் காவலர்கள் வந்தபோது நான் பாலத்தில் நின்றேன். குழந்தைகள் இரண்டும் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தன. குதிரைமேல் இருந்தவன் பட்டியலைத் தாழப் பிடித்திருந்தான். எனக்கு வாசிக்கத் தெரியும் என்று அவன் நினைக்கவில்லை. ஹார்ம்ஸ், ஓன்னோ, ஹார்ம் ஃபோக்கன் மகன் என்று அதில் இருந்தது. ஹார்ம் ஃபோக்கன் என் மாமனார். நீ அந்தப் பட்டியலிலேயே இல்லை. விதவைத் தாயின் ஒரே மகன் என்பதால் வாத்தியார் உன்னைச் சேர்க்கவே இல்லை.

“ஹார்ம்ஸ், ஓன்னோ?” என்று அவன் கேட்டான். நான் யோசித்துச் செய்தேனா யோசிக்காமல் செய்தேனா என்று மூன்று வருஷமாக எனக்குள் வாதாடிவிட்டேன். கை தானாக எழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வாயும் சேர்ந்து பேசியது. “மதகடி வீடு” என்றேன். நீ எவ்வளவோ கத்தியிருப்பாய். உன் மொழி அவர்களுக்குப் புரியாது. புரிய வைக்கக்கூடிய வாத்தியார் அன்றைக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்.

அடுத்தது பதிவேடு. ஊர்ப் பதிவேட்டின் நகல் ஔரிச்சுக்குப் போக வேண்டும். பிப்ரவரியில் வாத்தியார் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொன்னார். கதவைச் சாத்தினார். நான் உட்காரவில்லை.

“ஹிஸ்கே, நான் அனுப்பின பட்டியல்ல இருந்தது உன் புருஷன். போனது ஃபோல்கே மகன். இந்த ஏடு ஔரிச் போய்ச் சேர்ந்தா ரெண்டையும் ஒரே மேசையில வச்சுப் பார்ப்பாங்க” என்றார்.

பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் ஓடி ஒளிந்தவர் என்று ஆகும், ஒளிந்தவர்களை என்ன செய்கிறார்கள் என்று தெரியும்தானே என்றார். வாத்தியாருக்கும் பயம். ஊரில் இருக்க வேண்டிய நாளில் இல்லாமல் போனவர் அவர். அப்பா பெயர்களை மாற்றிப் போட்டுவிட்டால் பட்டியலும் ஏடும் ஒத்துப்போகும் என்று அவரே வழி சொன்னார். உன்னை என் மாமனாரின் மகனாகவும், என் வீட்டுக்காரரை உன் பெற்றோரின் மகனாகவும் எழுதுவது. பேனாவை மைக்கூட்டில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உண்மையை எழுதியிருந்தால் நீ திரும்பி வந்திருப்பாய். அது அந்த நேரத்திலும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“மாத்தி எழுதுங்க” என்றேன்.

உன் அம்மா கோடு கிழித்தது அந்தப் பக்கத்தில்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் பக்கத்தில் நின்று, எந்த இடத்தில் கோடு போட வேண்டும் என்று விரலால் காட்டினேன்.

பிறகு நானே உட்கார்ந்து மனு எழுதினேன். அது நிற்காது என்று தெரிந்தே எழுதினேன். உன் அம்மா ஔரிச்சிலிருந்து திரும்பியவர், தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். காலெல்லாம் சேறு. என் வீட்டுக்காரர் மேசையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். உன் அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதிகாரி ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உன் மகன் ஊரில் பாலத்தடியில் இருக்கிறானே, ஏன் பொய் மனுக் கொடுக்கிறாய் என்று விரட்டிவிட்டாராம்.

“உன்னை என் மகன்னு எழுதி வச்சிருக்காங்கடா ஓன்னோ. நான் பெத்தது எனக்குத் தெரியாதா?” என்றார். எழுதுகிறவர்கள் தவறிவிட்டார்கள் என்றே அவர் நினைத்தார்.

என் வீட்டுக்காரர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உன் அம்மா போனதும் கேட்டார். சொன்னேன். அவர் கத்தவில்லை. மரச்செருப்பைப் போட்டுக்கொண்டு, ஔரிச் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். பாலம் வரை போனார். அங்கே நின்றார். சின்னவள் வாசலில் நின்று அப்பா என்று கூப்பிட்டாள். வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி வைத்தார். நான் அவரைத் தடுக்கவில்லை. திரும்பி வா என்றும் சொல்லவில்லை. அவராகத்தான் வந்தார். என் பாவத்தை அவர்மேல் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. இதையும் எழுது, விடாதே என்று அவரே சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் உங்கள் மண்ணை வெட்டினார், உங்கள் வைக்கோலைக் கட்டினார். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்க மாட்டார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு மேசை அளவு தூரம் எப்போதும் இருந்தது. ஒரே வீட்டில் இருந்தோம், அவ்வளவுதான்.

போன நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். அதை நீ யாரிடமாவது கேள்விப்பட்டிருப்பாய். ரஷ்யக் குதிரைக்காரர்கள் வருகிறார்கள் என்று காலையில் சொன்னார்கள், மதியத்துக்குள் சுங்கக்காரர்கள் ஒருவர்கூட இல்லை. மேயர் மூவர்ணக் கச்சையை அடுப்பில் போட்டுவிட்டுத் தன் பழைய கோட்டில் வெளியே வந்தார். கடைக்காரர் எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ, அன்று மாலை ஊரெல்லாம் தேநீர் வாசனை. மூன்று வருஷம்கூட முழுதாக நிற்காத மாகாணம். ப்ரூக்மன், சீல்மன் எல்லாம் ஒரே வாரத்தில் மறந்து போயிற்று. எல்லோரும் பழையபடி அப்பா பெயருக்குத் திரும்பினார்கள்.

ஆட்கள் மேயர் அலுவலகத்தை உடைத்து ஏடுகளைக் கால்வாயில் எறிந்தார்கள். ஆண்களும் பெண்களும் கரையில் நின்று ஆடினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு ஏடாகப் பிடித்து விரித்துப் பார்த்தார். அவருக்குப் பைத்தியம் என்று சிரித்தார்கள். பிப்ரவரிப் பக்கத்தைத் தேடினார். அதைக் காட்டி, இது பொய் என்று யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு வெறி. கிடைத்ததெல்லாம் வேறு வருஷப் பிறப்புக் கணக்கு. மை கரைந்து கை கறுத்துப் போய் வந்தார். உண்மையைச் சொல்ல நாங்கள் கடைசியில் தயாரானபோது, கேட்பதற்கு அங்கே அரசாங்கமே இல்லை. வாத்தியாரை அடித்துத் துரத்திவிட்டார்கள். ஹாலந்துப் பக்கம் போனதாகச் சொல்கிறார்கள்.

அப்போதாவது உன் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சண்டை முடியட்டும், நீ வந்துவிடுவாய், வந்த பிறகு சொல்லலாம் என்று நாளைத் தள்ளினேன்.

ஹப்போ வந்து நீ சொன்னதைச் சொன்னதும், உன் அம்மா அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். இது என்னடா கதை, என் மகனை யார் வேண்டாம் என்று எழுதியது, எனக்கு இப்போதே தெரிய வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவரை முந்திக்கொண்டு நான் சொன்னேன். பாலம், பட்டியல், ஏடு, மனு, தாண்டி வாசித்த வரி என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஹப்போ நடுவிலேயே எழுந்து வெளியே போய்விட்டான்.

உன் அம்மா என்னை அடிக்கவில்லை. சபிக்கவுமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். நான் பின்னால் போனேன். மதகுப் பக்கம் வராதே என்றார். மூன்று நாள் அவர் வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை. பசுவை ஹப்போவின் அப்பா வந்து கறந்தார். நாலாம் நாள் காலையில், பாதிரியாரிடம் வாங்கிய தாளும் கையுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“உன் கையை வெட்டிப் போடணும்னு மூணு நாளா நினைச்சேன். ஆனா அந்தக் கை செஞ்சதை அந்தக் கைதான் எழுதணும். எழுது. ஒண்ணு விடாம எழுது. அவன் அம்மா அவனை விக்கலைன்னு அவனுக்குத் தெரியணும்.”

அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் நடந்தும், வழியில் கிடைக்கிற படகிலும் வருவார். எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. உன் கால் பாதையில் ஒத்துழைக்காவிட்டால் முதுகில் தூக்கி வருவேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்காதே. அவருக்குச் சொல் வராது. நான் கேட்கலாம் என்று இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடித்துவிட்டேன். கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்தச் சுமையும் உனக்கு எதற்கு?

இப்போது மறுபடியும் பிரஷ்யர்கள் வந்திருக்கிறார்கள். படைக்கு ஆள் சேர்க்க அவர்களும் பட்டியல் கேட்கிறார்கள் என்று பேச்சு. வாசலில் குதிரைச் சத்தம் கேட்டால் இன்னும் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறேன். யார் வந்து கேட்டாலும் என்ன சொல்வேன் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என்னை நானே நம்புவதில்லை. அதனால் நீ வந்த பிறகு நாங்கள் இந்தக் கால்வாயை விட்டுப் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். எங்கள் படகை உனக்கு விட்டுவிட்டுப் போகிறோம். கால்விரல் இல்லாவிட்டாலும் சுக்கான் பிடிக்கலாம் என்று அவர் சொல்கிறார். உன் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை, என் முகத்தை நீ பார்க்க வேண்டியதும் இல்லை.

ஆனால் வா. உன் அம்மாவுக்கு மகனாகக் காகிதத்தில் யார் இருந்தாலும், மதகடி வீட்டில் உன் படுக்கையில் இன்றுவரை வேறு யாரும் படுத்ததில்லை. உன் அம்மாவுக்கு வலது கண் மங்கிவிட்டது. இடது கண் இருக்கும்போதே வா.

இனி வருவது உன் அம்மா சொன்னது. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“டேய் ஓன்னோ. நீ யாரா வர்றதுன்னு கேட்டியாம். எனக்குப் பொறந்தவனா வா. எவன் எதை எழுதினா எனக்கென்ன, எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. கால் எப்படி இருந்தாலும் சரி. நொண்டிக்கிட்டே வா. கோவத்தோட வா. வந்து என்னைத் திட்டு. வந்தா போதும்.”

அவ்வளவுதான் சொன்னார்.

கீழே வளைந்து நெளிந்து இருக்கும் கோடு அவர் போட்டது. தாள் சரியாகத் தெரியவில்லை அவருக்கு. எந்த இடத்தில் போட வேண்டும் என்று காட்ட விரலை நீட்டினேன். என் கையைத் தட்டிவிட்டுத் தானே தடவிப் பார்த்துப் போட்டார். அது என் எழுத்தின் மேலேயே விழுந்திருக்கிறது.

ஹிஸ்கே